கண்ணியும் கணக்கும்

பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மொழி வழங்கும் ஊர்களில் குடித்தனம் நடத்துகின்ற தமிழ்க் குடும்பங்களுக்கு இன்று ஒரு சிறிய கைவேலையைப் பற்றிச் சொல்ல விரும்புகின்றோம். வேலை என்னவோ சிறியதுதான். அதனுள்ளே அடங்கியிருக்கும் கணக்கு பெரியது. அந்தக் கணக்கை அறிந்துகொள்ள எங்களுக்கு ஓராண்டு பிடித்தது.

மும்பையின் துறைமுக ரயில் பாதையில் கோவண்டிக்கு அடுத்த நிலையம் மான்குர்த். அதற்கு அப்பால் தாணே கடற்கழி. கழியைத் தாண்டினால் வாஷி. 1992-ஆம் ஆண்டில் கழியின் குறுக்கே ரயில் ஓடத் தொடங்கும்வரை வண்டிகள் மான்குர்த்தோடு நின்றுவிடும். இருப்புப்பாதை ஓரத்தில் குடிசையிட்டு வாழ்ந்தவர்களை அகற்றியபோது, அவர்களுக்கென எழுப்பிய அடுக்குமாடிகள் இங்கு நிரம்ப உண்டு. வீடு ஒன்றுக்கு 225 சதுர அடி. அதற்குள்ளேயே சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். பல மொழியினரும் கலந்து வாழும் இக்கட்டடங்களில், நெல்லைச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களும் இருக்கின்றன.

எங்கள் எதிர்வீட்டில் இருப்பவர் நாங்குநேரிப் பக்கத்துப் பெண்மணி. முன்னர் செம்பூரில் மூன்று வீடுகளில் சமையல் செய்து வந்தார். மாமியார் படுத்த படுக்கையானபின் அவரால் வெளியே செல்ல இயலவில்லை. அவர் வீட்டுச் சன்னல் பொது நடையைப் பார்த்தபடி இருந்தது. சன்னலைத் திறந்தால் போவோர் வருவோர் பார்வை நோயாளியின் கட்டில்மேல் விழும். மூடினால் மூச்சு முட்டும். "காற்றும் வரணும் மதினி, கண்ணும் விழக் கூடாது. அதற்கு ஏதாவது வழி இருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். வலைபோல இடைவெளி விட்டுப் பின்னிய நூல் திரைதான் வழி என்று தோன்றியது. அவ்வாறு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில், மாடி நடையில் பாய் விரித்து, நாங்கள் நால்வர் குரோஷா பின்னல் கற்கத் தொடங்கினோம்.

குரோஷா என்னும் சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. சிறு கொக்கி என்பது அதன் பொருள். இந்தி பேசும் அண்டைவீட்டார் இதனைக் குரோஷியா என்பர். இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலைப் போலன்றி, இதற்கு நுனியில் கொக்கி உடைய ஒரே ஊசி போதும். பழகியவர்கள் மெல்லிய நூலும் மெல்லிய எஃகு ஊசியும் கொள்வர். புதிதாகக் கற்போருக்குத் தடித்த பருத்தி நூலும், இரண்டரை மில்லிமீட்டர் ஊசியும் நல்லவை. வெளிர்நிற நூலாக இருத்தல் வேண்டும். கறுப்பு நூலில் கண்ணி எங்கே, இடைவெளி எங்கே என்று புலப்படாது.

எங்களுள் ஒருவருக்கு மொழிபெயர்ப்பே தொழில். மத்திய அரசு அலுவலகத்தில் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குபவர். இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருப்பவரும் அவரே. ஆகவே ஆங்கிலக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதித் தரும் பொறுப்பு அவர்மேல் விழுந்தது. கையேட்டில் 'டபுள் குரோஷே' என்றிருந்தது. 'இரட்டைப் பின்னல்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஆங்கிலப் பெயரையும் குறித்து, மனநிறைவோடு கொடுத்தாயிற்று. எங்களுள் மூத்தவர், சிறுவயதில் தூத்துக்குடியில் கன்னியர் நடத்திய பள்ளியில் இக்கலையைப் பயின்றவர். 'டபுள்' என்பது எந்தப் பின்னல் என அவருக்கு நன்கு தெரியும். அவர் போட்டுக் காட்ட, நாங்கள் பின்பற்றினோம்.

கட்டம் கட்டமாக வரவேண்டிய வலை, நசுங்கிய கீற்றுகளாக வந்தது. நூலை இறுக்கிப் பிடித்தோமோ என்று தளர்த்திப் பார்த்தோம். தளர்த்தியது போதாதோ என்று ஊசியை மாற்றினோம். மூன்று வாரங்களில் நான்குமுறை பின்னி நான்குமுறை பிரித்தோம். எதிர்வீட்டுப் பெண்மணி, "என் கை சமையலுக்குத்தான் லாயக்கு" என்று மனம் சோர்ந்து ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

பிழை அவர் கையில் இல்லை, மொழிபெயர்ப்பில் இருந்தது. குரோஷாவில் பிரிட்டிஷ் வழக்கு ஒன்று, அமெரிக்க வழக்கு மற்றொன்று. ஒரே பெயர் இரு நாடுகளிலும் இரு வேறு பின்னல்களைக் குறிக்கின்றது. பிரிட்டிஷார் 'டபுள்' என்பதை அமெரிக்கர் 'சிங்கிள்' என்பர். அமெரிக்கர் 'டபுள்' என்பதைப் பிரிட்டிஷார் 'ட்ரெபிள்' என்பர். எங்கள் கையேடு அமெரிக்காவில் அச்சானது. மூத்தவர் பயின்றதோ பிரிட்டிஷ் வழக்கு. உயரமான பின்னல் வரவேண்டிய இடமெல்லாம் குட்டையான பின்னலைப் போட்டு, அதன்மேல் பழியைக் கையின்மீது சுமத்தியிருந்தோம். ஒரு நூலில் 'சிங்கிள் குரோஷே' என்ற பெயர் காணப்பட்டால், அது அமெரிக்க வழக்கில் எழுதியது எனத் தெளியலாம். நேயர்கள் இதனை நினைவிற் கொள்வது நல்லது. இக்காலத்தில் கைபேசித் திரையில் பாடம் கற்பிப்போரிலும் இரு வழக்கினரும் உண்டு.

உண்மை விளங்கியதும் புதிய கலைச்சொற்களை ஆக்க முனைந்தோம். 'ஓரடுக்குப் பின்னல்', 'ஈரடுக்குப் பின்னல்' என்றெல்லாம் எழுதிப் பார்த்தோம். எதிர்வீட்டுப் பெண்மணி அவற்றைக் கேட்டுச் சிரித்தார். "இது தூண், இது விட்டம். வீடு கட்டுற மாதிரித்தானே இருக்கு?" என்றார். நிமிர்ந்து நிற்பது தூண். குறுக்கே செல்லும் சங்கிலி விட்டம். அதற்குப்பின் எங்கள் நடையில் வேறு பெயர் வழங்கவில்லை. பெயரை மொழிபெயர்ப்பதைவிடச் செயலைக் கண்டு பெயரிடுவது மேல் என்பதை, இருபது ஆண்டு அலுவல் கற்பிக்காததை, அந்த ஒரு சொல் கற்பித்தது.

இனிப் பின்னும் முறையைக் கேளுங்கள். நூலில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு ஊசியில் மாட்டிக்கொள்ளுங்கள். ஊசியில் நிற்கும் நூல் வளையத்துக்குக் கண்ணி என்று பெயர். நூலை ஊசிமேல் ஒருமுறை வளைத்து, கொக்கியாற் பற்றி, அக்கண்ணி வழியே இழுத்தால் ஒரு சங்கிலி. இவ்வாறு வேண்டிய அளவு சங்கிலி போடுவது அடிவரிசை. எத்தனை கட்டம் வேண்டுமோ, அத்தொகையை மூன்றால் பெருக்கி ஐந்தைக் கூட்டுங்கள். பத்துக் கட்டத்துக்கு 35 சங்கிலி.

தூண் நிறுத்தும் முறை இது: நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, சங்கிலிக்குள் ஊசியைச் செலுத்தி, நூலை இழுத்து வாருங்கள். ஊசியில் மூன்று கண்ணிகள் நிற்கும். நூலை வளைத்து முதலிரண்டின் வழியே இழுத்தால் இரண்டு எஞ்சும். மீண்டும் வளைத்து அவ்விரண்டின் வழியே இழுத்தால் ஒன்று எஞ்சும். தூண் ஆயிற்று. முதல் தூணை ஊசியிலிருந்து பின்னோக்கி எண்ணி 8-ஆவது சங்கிலியில் நிறுத்துங்கள். பின்னர் இரண்டு சங்கிலி போட்டு விட்டமாக்கி, அடிவரிசையில் இரண்டு சங்கிலியை விட்டுவிட்டு, மூன்றாவதில் அடுத்த தூண். இவ்வாறே சென்றால் கடைசித் தூண், முதன்முதலில் போட்ட சங்கிலியில் சரியாக வந்து நிற்கும். நிற்கவில்லையெனில் எண்ணிக்கையில் பிழை.

அடுத்த வரிசைக்குத் துணியைத் திருப்பிக்கொண்டு ஐந்து சங்கிலி போடுங்கள். அவற்றுள் மூன்று ஓரத்துத் தூணாகும், இரண்டு விட்டமாகும். அதன்பின் கீழ்வரிசையின் அடுத்த தூணின் தலையில் ஒரு தூண், இரண்டு சங்கிலி, மறு தலையில் ஒரு தூண் என்று செல்லவேண்டும். வரிசையின் இறுதியிலே புதியவர்கள் தவறுவர். அங்கே தூண் இராது. முன்னர்த் திரும்பும்போது போட்ட ஐந்து சங்கிலிதான் இருக்கும். அதன் மூன்றாவது சங்கிலியில் கடைசித் தூணை ஊன்றவேண்டும். அதனை விட்டுவிட்டால் வரிசைக்கு ஒரு கட்டம் குறைந்து, திரை முக்கோணமாகச் சரியும். எங்கள் முதல் திரை அவ்வாறுதான் சரிந்தது. ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கட்டங்களை விரல்வைத்து எண்ணுவதே மருந்து.

வெற்றுக் கட்டங்கள் கைக்கு வந்தபின், சிலவற்றை நிரப்பலாம். விட்டத்தின் இரண்டு சங்கிலிக்குப் பதிலாக இரண்டு தூண் நிறுத்தினால் கட்டம் அடைபடும். அடைத்த கட்டமும் திறந்த கட்டமும் கலந்து வர, மயிலும் தாமரையும் எழும். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் முதலில் புள்ளியிட்டு வரைந்துகொண்டால் போதும். கோலமிட்டுப் பழகிய கைக்கு இது எளிது. எல்லாம் முடிந்தபின் துணியை நனைத்து, சதுரமாக இழுத்து, ஓரங்களில் குண்டூசி குத்திக் காயவிடவேண்டும். மும்பையின் மழைக்காலத்தில் அது காய இரண்டு நாளாகும்.

கண்ணி என்னும் சொல் நம் மொழியில் பல பொருளுடையது. வலையின் துளையும் கண்ணி. பறவை பிடிக்கும் சுருக்கும் கண்ணி. தலையிற் சூடும் மாலையும் கண்ணி. தாயுமானவரின் பராபரக்கண்ணியில் வருவதுபோல ஈரடிச் செய்யுளும் கண்ணி. சூடும் மாலையையும் சிக்கவைக்கும் சுருக்கையும் ஒரே சொல்லால் முன்னோர் வழங்கினர். அதன் பொருத்தம் எங்களுக்குப் பிறகுதான் புலப்பட்டது.

திரை முடிந்து சன்னலில் ஏறியது. உள்ளே காற்று வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர் கண் மயிலோடு நின்றது. அதைக் கண்டு ஒருநாள் ஒரு தரகர் வந்தார். கைவேலைப் பொருள்களைத் திரட்டி, வெளிநாட்டுக்கு ஏற்றுவோரிடம் சேர்ப்பிப்பவராம். நாற்பதுக்கு நாற்பது கட்டமுள்ள மேசை விரிப்புகள் வேண்டும், நூலைத் தாமே தருவதாகவும் விரிப்புக்கு இவ்வளவு என்று கொடுப்பதாகவும் கூறினார். எதிர்வீட்டுப் பெண்மணியின் முகம் மலர்ந்தது. மகளின் பள்ளிக் கட்டணம் இரண்டு தவணை நிலுவையில் இருந்தது. தொகை குறைவாயிற்றே என்று எங்களுள் மூத்தவர் கேட்டதற்கு, "வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே அம்மா" என்று தரகர் விடை சொன்னார்.

சும்மா இருக்கிற நேரம் என்னும் இச்சொல் மிகப் பழையது. நூல்வலைப் பின்னலின் வரலாறு நெடுகிலும் அது உடன் வந்திருக்கின்றது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுப் பெரும் பஞ்சம் தோன்றியபோது, கன்னியர் மடங்களில் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். அவ்வருவாயால் பிழைத்த குடும்பங்கள் பல. அதற்கும் முன்பே நம் தென்கோடியில், நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்னும் அம்மையார் பெண்களுக்குச் சரிகைப் பின்னலைத் தொடங்கிவைத்தார். அது கொக்கி ஊசி வேலையன்று. திண்டின்மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ். திருவிதாங்கூரில் அடிமை முறை நிலவிய காலம் அது. அடிமைப்பட்டிருந்த சிறுமியர் இப்பின்னலில் ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்றதுண்டு. அம்மையாரின் மகள் எலைசா 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, அவருடன் அக்கலையும் நெல்லைச் சீமைக்கு வந்தது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை நாம் அறிவோம். அவர் வாழ்ந்த ஊரில் பெண்களின் விரல்கள் செய்த வேலையை அவ்வளவாக அறியோம்.

ஆந்திரத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாப்பூர், குரோஷா லேஸுக்குப் பெயர்போன ஊர். அங்கும் இக்கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவ ஊழியர் வழியே வந்ததே. மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவ்வூர்ப் பெண்களிடையே ஆய்வு செய்து 1982-இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் பொருள் செய்யும் அப்பெண்களைத் தொழிலாளர் என எவரும் எண்ணவில்லை. இல்லத்தரசியர் ஓய்வு நேரத்தில் செய்யும் பொழுதுபோக்கு என்றே கருதினர். ஆதலின் கூலி மிகத் தாழ்ந்திருந்தது. ஆதாயம் வணிகரிடம் சேர்ந்தது. இதுவே அவர் கண்ட முடிவு. மாலையாக வரவேண்டிய கண்ணி சுருக்காக மாறுவது இவ்விடத்தில்தான்.

இவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, அன்று மாலை நடையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். நாற்பதுக்கு நாற்பது என்றால் 1,600 கட்டங்கள். கடிகாரத்தை முன்வைத்து எதிர்வீட்டுப் பெண்மணியைப் பின்னச் சொன்னோம். நிமிடத்துக்கு நான்கு கட்டம் வந்தது. அவ்வாறெனில் ஒரு விரிப்புக்கு 400 நிமிடம். ஆறு மணி நாற்பது நிமிடம். ஓரம் கட்டுதல், நூல் முனைகளைச் செருகுதல், நனைத்துக் காயவைத்தல் சேர்த்து எட்டு மணி நேரம். தரகர் சொன்ன தொகையை எட்டால் வகுத்தோம். ஒரு மணி நேரத்துக்குக் கிடைப்பது, ரயில் நிலைய வாசலில் இரண்டு கட்டிங் சாயா குடிக்கும் காசுக்கும் குறைவு. எவரும் சிறிது நேரம் பேசவில்லை. "சமையலுக்குப் போனால் மணிக் கணக்கு கேட்பேன் மதினி. இதற்குக் கேட்கணும்னு தோணவே இல்லையே" என்றார் அவர்.

மறுவாரம் தரகர் வந்தபோது அவர் கணக்கு நோட்டை நீட்டினார். கட்டம் இத்தனை, நேரம் இத்தனை, ஆகவே கூலி இவ்வளவு. தரகர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அவ்வளவு கட்டாது என்று எழுந்து போனார். பத்து நாள் கழித்துத் திரும்பி வந்து, கேட்டதில் ஒரு பங்கு கூட்டித் தருவதாகச் சொன்னார். எங்களுள் இருவர் வேண்டாம் என்றோம். எதிர்வீட்டுப் பெண்மணி ஏற்றுக்கொண்டார். பள்ளிக் கட்டணம் காத்திராது. அவரைக் குறை கூற எங்களுக்கு உரிமை இல்லை; எங்களுக்கு மாதச் சம்பளம் வருகின்றது. ஆனால் அவர் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் நாள்தோறும் அந்நோட்டில் எழுதி வருகின்றார். அடுத்த முறை கூலி பேச அதுவே அவருக்குச் சான்று.

வீட்டிலிருந்து வேலை செய்வோரும் தொழிலாளரே என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 1972-இல் அகமதாபாத்தில் இலா பட் அம்மையார் தோற்றுவித்த சேவா சங்கம் அதற்காக இடைவிடாது உழைத்தது. 1996-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, வீட்டுவழித் தொழிலாளருக்கென 177-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. பிற கூலித் தொழிலாளருக்கு நிகராக அவர்களையும் நடத்தவேண்டும் என்பது அதன் சாரம்.

பின்னலைக் கூலிக்கு மட்டுமே செய்யவேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில், பல ஊர்களிலிருந்தும் பல நாடுகளிலிருந்தும் பெண்கள் பின்னி அனுப்பிய துண்டுகளை இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷாப் போர்வையை விரித்து உலகச் சாதனை படைத்தனர். தொலைவில் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு அது ஓர் ஒன்றுகூடல். அன்பிற்காகப் பின்னுவதும் உண்டு, மகிழ்ச்சிக்காகப் பின்னுவதும் உண்டு. அப்போது மணியைப் பார்க்க வேண்டுவதில்லை. பிறர் விற்று ஆதாயம் பெறுவதற்காகப் பின்னும்போது மட்டும், துணியின் கட்டங்களை எண்ணும் அதே விரலால் நேரத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

ஆகவே நேயர்களே, நீங்கள் எந்த ஊரில் இருப்பினும், ஓர் ஊசியும் ஓர் உருண்டை நூலும் வாங்கிப் பழகுங்கள். வாங்கும்போது ஒரு கணக்கு நோட்டும் சேர்த்து வாங்குங்கள். அதன் ஒரு பக்கத்தில் கோலத்தை வரையுங்கள். மறுபக்கத்தில் நேரத்தைக் குறியுங்கள்.

எதிர்வீட்டுச் சன்னலில் மயில் திரை இன்னும் தொங்குகின்றது. பாட்டியின் கட்டிலருகே அமர்ந்து இப்போது அந்தச் சிறுமியும் பின்னக் கற்கின்றாள். வரிசை முடியும்தோறும் கடைசித் தூணை ஊன்றினாளா என்று தாய் கேட்கின்றார். கேட்டுவிட்டு, எத்தனை மணி ஆயிற்று என்றும் கேட்கின்றார்.